மூன்றாவது பொம்மை

உருவாபன் ஊரில் பஸ் ஏறிய யாருக்கும் தெல்ஃபினாவின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். பஸ் நிலையத்து மாடியில், கண்ணாடி போட்ட சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இருபத்து மூன்று வருடமாக அவள்தான் அறிவிப்புச் சொல்கிறாள். "பயணிகள் கவனத்திற்கு. மொரேலியா செல்லும் பேருந்து நான்காம் வாசலில் நிற்கிறது" என்று குரல் வந்ததும் கீழே நூறு பேர் மூட்டையைத் தூக்குவார்கள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒருவரும் நிமிர்ந்து மேலே பார்ப்பதில்லை. ஒருமுறை மார்க்கெட்டில் அவள் தக்காளி என்ன விலை என்று கேட்டபோது, பக்கத்தில் நின்ற ஆள் தன்னையறியாமல் தரையில் வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

வீடு ஊரின் மேட்டுப் பக்கம். இரண்டு அறை, ஒரு சமையலறை. அம்மா நாலைந்து வருடம் படுக்கையில் கிடந்து, போன வருடத்துக்கு முந்தைய நவம்பரில் போய்ச் சேர்ந்தாள். ஒன்பது நாள் ஜெபத்துக்கு அக்கம்பக்கம் வந்தது. ஒன்பதாம் நாள், ஜெபத்துக்காக வைத்த சிலுவையை எடுத்து வைத்துவிட்டு எல்லோரும் போனபிறகு அந்த வாசல்படி தாண்டி உள்ளே வந்தது கேஸ் சிலிண்டர் போடுகிறவர் மட்டும்தான். அவரும் சமையலறை வரைக்கும்தான்.

வேலை நாட்கள் ஓடிவிடும். விடுமுறை நாள்தான் சிக்கல். மாலை நாலு மணிக்குத்தான், அன்றைக்கு இன்னும் வாயே திறக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொரேலியா, நான்காம் வாசல்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பாள். குரல் இருக்கும்.

இந்த வருடம் ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, பஸ் நிலைய ஊழியர்கள் வழக்கம்போல ஓய்வறையில் ரொட்டி வெட்டினார்கள். வளையமாகச் சுட்டு, மேலே சர்க்கரையில் ஊறிய பழத்துண்டுகள் ஒட்டிய ரொட்டி. உள்ளே விரல்நுனி அளவில் குழந்தை இயேசு பொம்மைகள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர்கள் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவத்தித் திருநாளுக்கு, மற்றவர்களுக்கு, சோளத்தோலில் பொதிந்து அவித்த தமாலும், சோளமாவில் காய்ச்சிய இனிப்புக் கஞ்சியான அத்தோலேயும் தரவேண்டும். மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கப் பார்ப்பதுதான் விளையாட்டு. கத்தி இறங்கும் இடத்தை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். பொம்மையை முழுங்கிவிட்டவர்களும் உண்டு என்பார்கள்.

டிக்கெட் கவுண்டர் பெர்தாதான் ரொட்டிக்கு ஆர்டர் கொடுத்தவள். முதல் பொம்மை அவளுக்கே வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பெட்டி தூக்கும் நிக்காந்திரோவின் பல்லில் இரண்டாவது கடிபட்டது. மெழுகுவத்தித் திருநாளைக்கு முதல்நாளே சாகப் போவதாக அவர் அறிவித்தார். தெல்ஃபினா தன் துண்டைப் பிய்த்துப் பார்த்தாள். வெறும் ரொட்டி.

அவள் கவுனின் பையில் ஒரு பொம்மை இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் அவளுக்கு வந்தது. அப்போது வீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் யாராவது இருந்துகொண்டே இருக்கவேண்டும்; பதினைந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது. கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, மேலே போய், மைக்கை அணைத்துவிட்டு உள்ளங்கையில் துப்பினாள். அன்றைக்கு அது சாமர்த்தியமாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பொம்மை தையல் டப்பாவில் கிடந்தது. இன்று காலை வீட்டைப் பூட்டும்போது எதற்கோ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

மேஜைக்குக் கீழே விரல் போயிற்று. பொம்மையை ரொட்டிக்குள் அழுத்தினாள். பிறகு, நான்காம் வாசலைச் சொல்லும் அதே குரலில், எனக்கும் வந்திருக்கிறது என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். பெர்தா மட்டும் அந்தப் பொம்மையை எடுத்து, ஒருகணம் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

வேலையைப் பங்கு போட்டார்கள். தமால் பெர்தா. கோப்பை, தட்டு, மிளகாய்ச் சட்னி நிக்காந்திரோ. அத்தோலே தெல்ஃபினா. அதுவரை சரி. அப்புறம் நிக்காந்திரோ, எல்லாவற்றையும் இங்கேயே கொண்டுவந்துவிடலாம், ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடலாம் என்றார். பலரும் தலையாட்டினார்கள். தெல்ஃபினா மேஜையிலிருந்த பொம்மையைப் பார்த்தாள். அப்படியானால் பொம்மையை நுழைத்ததற்குப் பலன், தன் வீட்டில் தனியாக நின்று கிண்டி, தூக்கிக்கொண்டு வருவது மட்டும்தான்.

"அத்தோலேய நகர்த்தக் கூடாது," என்றாள். "குலுங்கினா திரிஞ்சிடும். எங்க வீட்டுக்கே வந்துடுங்க. ஆறு மணிக்கு."

"டோன்யா ஃபீனா, நம்ம வாசல்ல தினம் காலைல ஒரு அம்மா விக்குது. மூணு சக்கர வண்டில, அத்தனை குழிலயும் குதிச்சுக் குதிச்சுதான் கொண்டுவருது," என்றார் நிக்காந்திரோ. நிலையத்தில் எல்லோருக்கும் தெல்ஃபினா, மரியாதையாக, டோன்யா ஃபீனாதான்.

"அது வேற. இது கொய்யா."

இருபத்து மூன்று வருடமாக அவள் சொன்ன எதையும் அங்கே யாரும் மறுத்ததில்லை. வாசல் எண் மாறிவிட்டது என்றால் மாறிவிட்டதுதான். அந்தப் பழக்கம் இப்போது கைகொடுத்தது. ஆறு மணி, டோன்யா ஃபீனா வீடு என்று முடிவாயிற்று.

அம்மா போனபிறகு முதல் முறையாக அவள் லீவு எழுதிக் கொடுத்தாள். பந்தல்காரரிடம் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் வாடகைக்குச் சொன்னாள். வீட்டில் இருந்தவை இரண்டு. ஒன்றில் அவள் உட்காருவாள், இன்னொன்றில் துவைத்த துணி உட்காரும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலையில் மார்க்கெட் நெரிந்தது. புதுச் சட்டை போட்ட குழந்தை இயேசு சிலைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் வெறும் கூடையோடு நடந்தவள் தெல்ஃபினா ஒருத்திதான் என்று அவளுக்குத் தோன்றியது. கொய்யா மூன்று கிலோ வாங்கினாள். கல் போன்றதை ஒதுக்கி, அழுத்தினால் விரல் பதியும் மஞ்சள் பழமாகப் பார்த்து எடுத்தாள். கூம்பு வெல்லம் நாலு. உள்ளங்கை நீளத்தில் பட்டை. அரவை மில்லில் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்த சோளத்தை அரைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேருக்கு என்று மில்காரி கேட்டாள். பதினைந்து பேருக்கு என்று சொல்லும்போது தன் குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டதை தெல்ஃபினா கவனித்தாள்.

மதியம் வந்த நாற்காலிகளைச் சுவரோரம் விரித்தாள். ஒன்பது நாள் ஜெபம் போலிருந்தது. வட்டமாகப் போட்டாள். பள்ளிக்கூடம் போலிருந்தது. கடைசியில் இரண்டும் மூன்றுமாகக் கலைத்துப் போட்டாள். ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போனதுபோல.

மூன்றரைக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். கொய்யாவைக் காம்பு நீக்கி, பாதியாக வெட்டி, பட்டையோடு வேகவைத்தாள். வீடு முழுக்க வாசனை. பழம் குழைந்ததும் மசித்து, சல்லடையில் தேய்த்து, விதையை ஒதுக்கினாள். ஒரு விதை தப்பினாலும் யாராவது ஒருவரின் பல்லிடுக்கில் போய் உட்காரும். அவருக்கு அன்று முழுக்க வேறு நினைவே இருக்காது. இரண்டாம் முறையும் தேய்த்தாள். சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பிழிந்து, திப்பியைக் கோழிக்கென்று பக்கத்து வீட்டுச் சுவர்மேல் வைத்தாள். பெரிய மண்பானையில் வெல்லத் தண்ணீர் கொதித்தது. கரைத்த மாவை நூல்போல ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியால் கிண்ட ஆரம்பித்தாள்.

இனிமேல்தான் முக்கியம். அத்தோலேயைத் தொடங்கிய கைதான் முடிக்கவேண்டும். நடுவில் வேறு கை பட்டால் திரிந்துவிடும், நீர் வேறு மாவு வேறாகப் பிரிந்துவிடும் என்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. அம்மா படுத்திருந்த வருடங்களில் அறையிலிருந்து கூப்பிட்டால்கூட தெல்ஃபினா கரண்டியை விடாமல், இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லுவாள். யாரையும் உதவிக்குக் கூப்பிட முடியாத வேலை. அது ஒருவிதத்தில் அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது; உதவிக்கு யாரும் இல்லை என்பது அப்போது தெரியாது.

ஐந்தேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்துதான் இருக்கிறது என்று குரல் கொடுத்தாள். பெர்தா, இரண்டு கையிலும் தமால் தூக்குப்பாத்திரத்தோடு, மூச்சு வாங்க உள்ளே வந்தாள். தனியாக. நாற்காலிகளைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு மணியிலிருந்து நெடுஞ்சாலையில் மறியல். அவகாடோ பறிக்கும் ஆட்கள் கூலிக்காக ரோட்டில் லாரியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். உள்ளே வரவேண்டிய பஸ் வரவில்லை, போகவேண்டியது போகவில்லை. திருநாள் கூட்டம் வேறு. நிலையத்தில் நிற்க இடமில்லை. நிர்வாகி ஒருவரையும் விடவில்லை. ஷிப்ட் முடிந்தவர்களும் இருக்கவேண்டும். தமால் வேகவைக்கவென்று மதியமே வீட்டுக்குப் போயிருந்ததால் பெர்தா மட்டும் தப்பினாள்.

"எப்ப முடியும்?" என்றாள் தெல்ஃபினா, கிண்டிக்கொண்டே.

"தெரியல. எட்டாகும், ஒம்போதாகும். அப்புறம் அவங்கவங்க வீட்டுக்குத்தான் ஓடுவாங்க, டோன்யா ஃபீனா."

கரண்டி ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. மாவின் பச்சை வாசனை இன்னும் போகவில்லை. பெர்தா ஒரு நாற்காலியை இழுத்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் ஜெபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் தெல்ஃபினா இழுக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பெர்தா, தன் முழங்காலைப் பார்த்தபடி சொன்னாள்: "பேக்கரில நான் ரெண்டு பொம்மைதான் போடச் சொன்னேன்."

தெல்ஃபினா திரும்பவில்லை.

"கணக்கு தப்பிப் போச்சோன்னு மறுநாள் போயி கேட்டேன். ரெண்டுதான்னாரு. அதுவும் வெள்ளையாம். உங்களது மஞ்சளா இருந்துச்சு."

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்ட சொல்ல? எல்லாரும் பொம்மைய ஒளிப்பாங்க. கைக்காசு போட்டு வெளில எடுக்கறவங்கள நான் பாத்ததில்ல. சொன்னா என்னத்தான் பைத்தியம்பாங்க."

தெல்ஃபினாவுக்குக் காது சூடாயிற்று. நாலு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொன்னாள். கன்னத்தில் ஒதுக்கியது, மைக்கை அணைத்தது, தையல் டப்பா. பானையைப் பார்த்துச் சொன்னதால் சுலபமாக வந்தது. பெர்தா சிரித்துவிட்டாள், அப்படியானால் அது மோசடி இல்லை, நாலு வருடம் தாமதமாக வந்த பஸ் என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"சும்மா வாங்கன்னு கூப்பிட்டிருக்கலாமே?"

"சும்மா கூப்பிட்டா வராம இருக்கலாம். பொம்மை வந்துட்டா வந்துதானே ஆகணும்."

இரண்டு வருடமாக ஒரே ஓய்வறையில் காப்பி குடித்தும், பெர்தா டோன்யா ஃபீனா எந்தத் தெருவில் இருக்கிறாள் என்பதை இன்று காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அதை அவள் சொல்லவில்லை.

கொய்யாக் கூழை ஊற்றிய நேரத்தில் தொலைபேசி அடித்தது. நிக்காந்திரோ. பின்னால் கடல்போல இரைச்சல். பார்சல் கவுண்டர் பெண்ணை மைக்கில் உட்காரவைத்தார்களாம். அவள் சொல்வது ஒருவருக்கும் புரியவில்லை, பயத்தில் வாசல் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டாள், கூட்டம் கண்ணாடிக் கதவை உடைக்கும் நிலையில் இருக்கிறது. பழைய மலைப்பாதை வழியாக ஏழு பஸ்ஸை விடப்போகிறார்கள். எதற்கு எந்த வாசல் என்று சொல்லவேண்டும்.

"நான் போனை மைக்குகிட்ட பிடிக்கறேன். நீங்க அங்கிருந்தே சொல்லுங்க. உங்க குரலக் கேட்டாத்தான் அடங்குவாங்க."

ஏழு பஸ், ஏழு ஊர், ஏழு வாசல், நேரம். எழுதிக்கொள்ளாமல் முடியாது. ஒரு கையில் போன், ஒரு கையில் பேனா. கரண்டிக்கு மூன்றாவது கை வேண்டும். பானை கனத்துக்கொண்டிருந்தது, ஒரு நிமிடம் விட்டாலும் அடி பிடிக்கும். பெர்தா எழுந்து நின்று கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் தெரியும்.

தெல்ஃபினா பானையைப் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கொடுத்தாள்.

"ஒரே பக்கமா கிண்டு. தூக்கிடாத."

பேனாவும் கேஸ் பில்லும் எடுத்து எழுதிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். "பயணிகள் கவனத்திற்கு," என்றாள் சமையலறையில் நின்று. ஒரு நொடி கழித்து, போனுக்குள் தூரத்தில் அதே குரல் பெரிதாகத் திரும்பி வந்தது. இரைச்சல், தண்ணீர் வடிவதுபோல, இறங்கியது. "லாசரோ கார்தெனாஸ், இரண்டாம் வாசல். பாட்ஸ்குவாரோ, ஐந்தாம் வாசல். ஓடவேண்டாம். எல்லோருக்கும் இடம் இருக்கிறது." இடம் இருக்கிறது என்பது பட்டியலில் இல்லை, அவளாகச் சேர்த்தாள். இருபத்து மூன்று வருடமாகச் சொல்லிவந்தும், தன் குரலைக் கேட்டு அவர்கள் அடங்குவதை அவள் கேட்டதில்லை. மாடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் அது கேட்காது.

ஏழு பஸ்ஸையும் இரண்டு முறை சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. போனை வைத்துவிட்டுப் பானைக்கு வந்தாள். பெர்தா வியர்த்துப்போய், உதட்டைக் கடித்தபடி கிண்டிக்கொண்டிருந்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள். அத்தோலே இளஞ்சிவப்பாக, பட்டுப்போல, ஒன்றாகவே இருந்தது. தெல்ஃபினா கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். அறாமல் வழிந்தது.

"திரியல," என்றாள் பெர்தா, தன்மேல் பெரிய குற்றம் விழாமல் போனதுபோல.

ஆளுக்கு ஒரு கோப்பை குடித்தார்கள். சூடு நாக்கைச் சுட்டது. பெர்தா தமால் பிரித்து வைத்தாள். அந்த அறையில் பதினோரு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலியாகத் தெரிந்தது. சுவரில் மணி ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. வாசல் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று தெல்ஃபினாவின் காது தானாகப் போய்வந்துகொண்டிருந்தது.

எதிரே பதின்மூன்று பேருக்கான அத்தோலே. அங்கே நிலையத்தில் பசியோடு நிற்கும் சக ஊழியர்கள். தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் போனால், நகர்த்தினால் திரியும் என்று சொன்னது பொய்யாகிவிடும். அது பொய்யானால், எதற்காக அந்தப் பொய் என்று யாராவது கேட்பார்கள். இங்கேயே இருந்தால் எதுவும் வெளியில் வராது. அத்தோலே மட்டும் ஆடை கட்டும்.

அவள் எழுந்து பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டினாள்.

ஷேர் வேன்காரர் பானையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அது சிந்தினால் சீட்டை யார் கழுவுவது என்று கேட்டார். தெல்ஃபினா, பஸ் நிலையம், ஓரமாக நிறுத்துங்கள் என்றாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்றார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனதால் குழிகளில் மெதுவாக இறக்கினார். பானை அவள் முழங்கால்களுக்கிடையில் இருந்தது. சூடு துணி வழியாகத் தொடைக்கு ஏறியது. மறுபக்கம் பெர்தா, தமால் பாத்திரங்களைக் காலடியில் வைத்தபடி, பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிலையத்தில் அவள் மாடிப்படி ஏறவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் பானையை இறக்கினாள். நிக்காந்திரோ கோப்பைகளைக் கொண்டுவந்தார். டிரைவர்கள், துப்புரவுப் பெண்கள், அழுது கண் வீங்கிய பார்சல் கவுண்டர் பெண் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். நின்றபடியே தமாலைத் தின்று, அத்தோலேயைக் குடித்தார்கள். நிக்காந்திரோ தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நகர்த்தினா திரிஞ்சிடும்னீங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெர்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெல்ஃபினா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பொய்," என்றாள். "நீங்க எல்லாரும் வீட்டுக்கு வரணும்னு சொன்னேன். பொம்மையும் பழசு. நானாத்தான் உள்ள வெச்சேன்."

கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம். நிக்காந்திரோ அதைப் பயன்படுத்தவில்லை. கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாங்க," என்றாள் அவள் ஊற்றிக்கொண்டே. "பொம்மை கிம்மை ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

ஞாயிற்றுக்கிழமை தனக்கு டியூட்டி என்றார் நிக்காந்திரோ. மாற்ற முடியுமா பார்க்கிறேன் என்றார் ஒரு டிரைவர். பார்சல் கவுண்டர் பெண் வீடு எங்கே என்று கேட்டாள். மற்றவர்கள் நன்றி சொன்னார்கள்; வாயைத் துடைத்துக்கொண்டு அவரவர் கூட்டத்துக்குள் போனார்கள். பெர்தா மட்டும் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பந்தல்காரர் நாற்காலிகளை எடுக்க வந்தார். பதினொன்று நேற்று விரித்த இடத்திலேயே கிடந்தன. சமையலறை வாசலில் இருந்த ஒன்றின் இருக்கையில் மட்டும் கொய்யா காய்ந்து ஒட்டியிருந்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் இருக்கட்டும்," என்றாள் தெல்ஃபினா.

"திருநாள்தான் முடிஞ்சிருச்சேம்மா. யார் வராங்க?"

"தெரியல," என்றாள். "இருக்கட்டும்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவள் ஈரத்துணி எடுத்துவந்து அந்த ஒரு நாற்காலியைத் துடைத்தாள். கறை முழுதாகப் போகவில்லை.